அட்டைப்பெட்டி நிறையப் பழைய கேட்ரிட்ஜ்கள்: எது காசு, எது தூசு?

தூசிதட்டி:
எல்லோருக்கும் வணக்கம். பெரியப்பா மகன் வெளிநாட்டில் வளர்ந்தவர். வீடு மாறும்போது, "வைத்துக்கொள்வதானால் வைத்துக்கொள், இல்லையென்றால் விற்றுவிடு" என்று ஒரு அட்டைப்பெட்டியை என்னிடம் தள்ளிவிட்டுப் போனார். உள்ளே பதினோரு கேட்ரிட்ஜ்கள், அதாவது வீடியோ கேம் அடங்கிய பிளாஸ்டிக் கட்டைகள். நெஸ்ஸுக்கு (எண்பதுகளில் வந்த நிண்டெண்டோவின் டிவி கேம் கன்சோல்) ஏழு: தங்க நிறத்தில் செல்டா, சூப்பர் மரியோவும் வாத்து சுடும் கேமும் சேர்ந்த ஒன்று, அப்புறம் ஐந்து ஸ்போர்ட்ஸ் கேம்கள். அதற்கு அடுத்து வந்த சூப்பர் நிண்டெண்டோவுக்கு இரண்டு: மரியோ கார்ட், எர்த்பவுண்ட் (இந்தப் பெயரை நான் கேள்விப்பட்டதே இல்லை). கையடக்க கேம் பாய் எந்திரங்களுக்கு போக்கிமான் சில்வரும் எமரால்டும். எதற்கும் பெட்டி இல்லை, கையேடு இல்லை.

2021-இல் ஒரு மரியோ கேட்ரிட்ஜ் இருபது லட்சம் டாலருக்கு விற்றதாகப் படித்தேன். தங்க செல்டாவைத் துணியில் சுற்றி பீரோவில் பூட்டி வைத்திருக்கிறேன். எர்த்பவுண்டைப் பக்கத்து வீட்டுப் பையன் கேட்டான், கொடுத்துவிடலாமா என்று யோசிக்கிறேன். சரிதானே?

வாத்துவேட்டை:
ஐயோ, கொடுத்துவிடாதீர்கள்! பீரோவில் இருப்பதை வெளியே எடுத்துவிட்டு எர்த்பவுண்டை உள்ளே வையுங்கள்.

தங்க செல்டா 1987-இல் அமெரிக்காவில் வந்தபோதே அந்த நிறத்தில்தான் வந்தது. பெட்டியின் முகப்பில் ஒரு மூலையை வெட்டி, உள்ளே மின்னுவது கடையில் நிற்பவர் கண்ணில் படும்படி வைத்தார்கள். லட்சக்கணக்கில் விற்றது. பின்னால் வந்த சாம்பல் நிறப் பதிப்புதான் எண்ணிக்கையில் குறைவு. ஆனால் பத்தில் ஒன்பது பேர் தங்கத்தைப் பார்த்துத்தான் மயங்குகிறார்கள். தனி கேட்ரிட்ஜாக அதற்குச் சில பத்து டாலர்கள் கிடைக்கும். மரியோவும் வாத்தும் சேர்ந்தது கன்சோலோடு இலவசமாகவே வந்தது, பத்து டாலர் பக்கம் வந்தாலே நல்லது. என் பெயரைப் பார்த்தாலே தெரியும், எனக்கு அதன்மேல் எவ்வளவு பிரியம் என்று. ஆனால் பிரியத்துக்குச் சந்தையில் விலை கிடையாதே.

கணக்குப்பிள்ளை:
இருபது லட்சம் டாலர் கதையை முதலில் முடித்துவிடுவோம். இல்லையென்றால் இந்த இழை முழுக்க அந்தப் பூதம் வந்துகொண்டே இருக்கும்.

சூப்பர் மரியோ பிரதர்ஸ், சீல் பிரிக்காதது. 2019 பிப்ரவரியில் 1,00,150 டாலர். 2020 ஜூலையில் 1,14,000. 2021 ஏப்ரலில் 6,60,000. அதே ஆண்டு ஆகஸ்டில் 20 லட்சம். இதற்கு நடுவில், 2021 ஜூலையில் சீல் பிரிக்காத சூப்பர் மரியோ 64 ஒன்று 15.6 லட்சம் டாலர். மரியோ 64 ஒரு கோடிக்கு மேல் விற்ற கேம். அரிதென்று யாரும் சொல்ல முடியாது.

அப்படியானால் விற்றது என்ன? அந்தப் பெட்டியைச் சுற்றிய பிளாஸ்டிக் உறைக்கும் அட்டையின் மூலைகளுக்கும் ஒரு தரமதிப்பீட்டு நிறுவனம் கொடுத்த மதிப்பெண். மரியோ 64-க்குக் கிடைத்தது பத்துக்கு 9.8, உறைக்கு தனியாக ஏ++. வாங்கியவர் அதைப் பிரிக்கப்போவதில்லை. உள்ளே கேட்ரிட்ஜுக்குப் பதில் ஒரு மரத்துண்டு இருந்தாலும் அவருக்குத் தெரியாது. உங்கள் கையில் இருப்பது விளையாடிய, லேபிள் தேய்ந்த, தனி கேட்ரிட்ஜ். இரண்டும் வேறு வேறு சரக்கு.

ஆறாம்பட்டன்:
கணக்குப்பிள்ளை அண்ணனுக்கு சீல் வைத்ததைக் கண்டாலே ஆகாது. எல்லோரும் ஏமாந்தவர்கள் என்கிற மாதிரி எழுதுகிறார். நீங்கள் வரிசையாகப் போட்ட அந்த மரியோக்கள் எல்லாம் ஒரே சரக்கு இல்லை, அண்ணா. தொடக்கத்தில் வந்த நெஸ் பெட்டிகளுக்குப் பிளாஸ்டிக் உறையே கிடையாது, மேல் மூடியில் ஒரு சின்ன வட்ட ஸ்டிக்கர்தான் சீல். 2019-இல் விற்றது அந்த ரகம். அப்புறம் உறை வந்தது. சில பெட்டிகளின் முதுகில் ஆணியில் தொங்கவிட ஒரு அட்டைக் காது இருக்கும், பிறகு வந்தவற்றில் இருக்காது. புத்தகத்தில் முதல் பதிப்பு என்று பார்க்கிறோமே, அதே கதைதான். 2021-இல் 8,70,000 டாலருக்குப் போன செல்டாவும் அப்படித்தான். 1987-இன் கடைசியில் சில மாதங்கள் மட்டும் அச்சான பெட்டி, குறியீட்டில் ஓர் எழுத்துதான் வித்தியாசம்.

கணக்குப்பிள்ளை:
ஒப்புக்கொள்கிறேன், தம்பி. முதல் அச்சுக்கு மதிப்பு இருக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் இரண்டரை ஆண்டில் இருபது மடங்கு ஏறியதற்கு அட்டைக் காது காரணமாக முடியாது. அந்தக் காது 1986-லிருந்து அங்கேயே தொங்கிக்கொண்டிருக்கிறது. 2020-இல் ஊரடங்கு. வீட்டில் அடைந்து கிடந்தவர்கள் கையில் செலவழிக்காத காசு, பழைய நினைப்பு வேறு. பேஸ்பால் அட்டை, ஸ்னீக்கர், கிரிப்டோ என்று எல்லாமே ஒரே காற்றில் பறந்தன. இதுவும் கூடப் பறந்தது. 2022 வாக்கில் காற்று அடங்கியதும் தனி கேட்ரிட்ஜ்களின் விலைகூட இறங்கியது. அந்த 20 லட்சம் டாலருக்கு விற்றதும் தனி ஒருவர் அல்ல. பங்கு பங்காகப் பிரித்து விற்கும் தளத்தில் பலர் சேர்ந்து வைத்திருந்த பெட்டி அது. செய்தித் தலைப்பில் அந்த வரி வருவதில்லை.

தூசிதட்டி:
சரி, பூட்டைத் திறந்துவிட்டேன். மனசு லேசாகிவிட்டது, பாதி வருத்தத்தில். அப்படியானால் எது விலை போகும் என்று எப்படித்தான் தெரிந்துகொள்வது? பழசானால் விலை ஏறும் என்று நினைத்தேன்.

வாத்துவேட்டை:
வயதுக்கும் விலைக்கும் பெரிய தொடர்பு இல்லை. சந்தேகமானால் அடாரி 2600 கன்சோலின் கேட்ரிட்ஜ்களைப் பாருங்கள். நெஸ்ஸைவிடப் பழையவை, பெரும்பாலானவை இன்றும் டீக்காசுக்குக் கிடைக்கும். 1983-இல் விற்காத சரக்கை அடாரி நியூ மெக்சிகோவின் அலமகோர்டோவில் குப்பைக் குழியில் கொட்டி மூடியதே, அதிலிருந்த ஈ.டி. கேம் இன்றும் சாதாரணமாக வாங்கினால் மலிவுதான். 2014-இல் அந்தக் குழியைத் தோண்டி எடுத்த நசுங்கிய ஈ.டி. கேட்ரிட்ஜ்கள் ஏலத்தில் ஆயிரம் டாலரையும் தாண்டின. வேலை செய்வது மலிவு, மண்ணோடு வந்தது விலை! காசு மண்ணுக்குத்தான்.

அரிதாக இருந்தால் மட்டும் போதுமா என்றால் அதுவும் இல்லை. யாருக்கும் வேண்டாத அரிய கேம்கள் நிறைய உண்டு. விலை ஏற இரண்டு பேராவது அதற்காக அடித்துக்கொள்ள வேண்டும்.

எனக்குப் பிடித்த உதாரணம் ஸ்டேடியம் ஈவன்ட்ஸ். 1987-இல் பண்டாய் வெளியிட்டது, காலால் மிதித்து ஓடும் பாயோடு விளையாடும் ஓட்டப்பந்தய கேம். நிண்டெண்டோ அந்தப் பாயின் உரிமையை வாங்கி பவர் பேட் என்று பெயர் மாற்றியது, கேமையும் வேர்ல்ட் கிளாஸ் டிராக் மீட் என்ற பெயரில் மறுபடி விட்டது. பழைய பெயரில் இருந்தவை கடைகளிலிருந்து திரும்பிப் போயின. விளைவு என்ன தெரியுமா? பழைய லேபிள் ஒட்டிய அமெரிக்கப் பதிப்பு பல ஆயிரம் டாலர். புதிய லேபிள் ஒட்டியது சில டாலர். ஓடும் ஆள் அதே ஆள்தான். ஐரோப்பாவில் வந்த ஸ்டேடியம் ஈவன்ட்ஸ்கூட அந்த விலையின் அருகில் வராது. நெஸ் கேம்கள் முழுவதையும் சேர்க்க வேண்டும் என்று சிலர் பட்டியல் வைத்திருக்கிறார்கள், அந்தப் பட்டியலில் கடைசியாக நிற்கும் ஓட்டை இதுதான். ஓட்டையை அடைக்கக் காசு கொடுக்கிறார்கள்.

இரவுப்பூனை:
நியோ ஜியோ என்ற கேம் எந்திரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எஸ்என்கே நிறுவனம் 1990-இல் கொண்டுவந்தது. ஆர்கேட் எந்திரத்துக்கு (கடைகளில் காசு போட்டு விளையாடுவது) ஒரு கேட்ரிட்ஜ், வீட்டுக் கன்சோலுக்கு வேறு கேட்ரிட்ஜ். உள்ளே ஓடும் கேம் ஒன்றுதான். வீட்டுக்கானது புதிதாக வந்தபோதே இருநூறு டாலருக்கு மேல், அதனால் வாங்கியவர்கள் குறைவு. இன்று மெட்டல் ஸ்லக் என்ற கேமின் ஆர்கேட் கேட்ரிட்ஜை ஆசைப்பட்டால் வாங்கிவிடலாம். வீட்டுப் பதிப்பை வாங்க வேண்டுமென்றால் வீட்டில் பேச்சுவார்த்தை நடத்த வேண்டியிருக்கும். அதனால்தான் ஆர்கேட் கேட்ரிட்ஜின் போர்டைக் (சிப்கள் பொருத்திய பலகை) கழற்றி வீட்டுப் பதிப்பின் பிளாஸ்டிக் ஓட்டுக்குள் பொருத்தி விற்கிற வேலையும் நடக்கிறது. ஓட்டைத் திறந்து பார்க்காமல் அந்த விலைக்கு எதையும் வாங்காதீர்கள்.

தூசிதட்டி:
அந்த எர்த்பவுண்ட்? அதைப் பற்றி யாரும் இன்னும் சொல்லவில்லையே.

கணக்குப்பிள்ளை:
1995-இல் அமெரிக்காவில் வந்தது. அங்கே ஒன்றரை லட்சம் பிரதிகூட விற்கவில்லை என்பார்கள். விளம்பரத்தையே "இந்த கேம் நாறும்" என்று போட்டார்கள், முகர்ந்து பார்க்கும் அட்டை வேறு கொடுத்தார்கள். யார் வாங்குவார்? ஆக, கையிருப்பு குறைவு. நான்கு ஆண்டு கழித்து சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ் என்ற சண்டை கேமில் அதன் நாயகன் நெஸ் (கன்சோல் அல்ல, பையனின் பெயர்) ஒரு வீரனாக வந்தான். இவன் யார், எங்கிருந்து வந்தான் என்று தேட ஒரு தலைமுறையே கிளம்பியது. அதே கேமை வாங்க முடியாத வயதில் இருந்தவர்கள், சம்பாதிக்கும் வயதுக்கு வந்தபோது அதைத் தேடினார்கள். குறைவான கையிருப்பு, தாமதமாக வந்த ஆசை, இந்த இரண்டும் சேர்ந்தால் விலை.

இதில் எனக்கே புரியாமல் போன ஒன்று உண்டு. 2013-இல் நிண்டெண்டோவின் வீ யூ கன்சோலில் பதிவிறக்கமாக வந்தது, 2017-இல் சூப்பர் நிண்டெண்டோவின் குட்டிப் பதிப்பில் வந்தது, 2022-இல் சுவிட்ச் கன்சோலின் சந்தாவிலும் வந்தது. ஒவ்வொரு முறையும் "இனி கேட்ரிட்ஜ் விலை விழும்" என்று நான் அடித்துச் சொன்னேன். விழவில்லை. தனி கேட்ரிட்ஜே இன்றும் சில நூறு டாலர். விளையாடிப் பார்த்த புது ஆட்களில் சிலருக்கு அசல் வேண்டுமென்ற ஆசை வந்துவிடுகிறது போல.

இன்னொன்று: ஜப்பானியப் பதிப்பு, மதர் 2, அதே கேம், அமெரிக்கப் பதிப்போடு ஒப்பிட்டால் மிக மலிவு. அங்கே நன்றாக விற்றது, அதுதான் காரணம். ஜப்பானிய மொழி படிக்கத் தெரிந்தால் பர்ஸுக்கு நல்லது.

மூன்றுமுனை:
எர்த்பவுண்டைப் பற்றிப் பேசி முடித்தாயிற்றா? எனக்குக் கவலை அந்த எமரால்டைப் பற்றி. போக்கிமான் கேட்ரிட்ஜ்களில் சந்தையில் திரிவது பாதிக்கு மேல் போலி என்று எனக்குத் தோன்றும். பழுது பார்க்கக் கொண்டுவருகிறவர்களில் எத்தனை பேர் முகம் தொங்கிப் போயிருக்கிறார்கள்.

தம்பி, அதைக் கையில் எடுங்கள். ஓடு கண்ணாடி மாதிரி உள்ளே தெரிகிற கரும்பச்சையாக இருக்கிறதா? வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் உள்ளே வட்ட பேட்டரி தெரிகிறதா? லேபிளைச் சாய்த்துப் பாருங்கள், மையில்லாமல் அழுத்திப் பதித்த இரண்டு இலக்க எண் ஒன்று இருக்க வேண்டும். அப்புறம் அடிப்பக்கத்துத் திறப்பில் தங்க நிறக் கால்களுக்கு (எந்திரத்தைத் தொடும் பட்டைகள்) மேலே போர்டில் நிண்டெண்டோ என்று எழுதியிருக்க வேண்டும். திருகு மூன்று முனை உள்ளதா, சாதாரணக் கூட்டல் குறியா என்று பாருங்கள் (என் பெயர் அங்கிருந்து வந்ததுதான்). இவற்றில் ஒன்று தவறினாலும் போலி என்று சொல்ல மாட்டேன், இரண்டு மூன்று தவறினால் சொல்லுவேன்.

தூசிதட்டி:
பார்த்துவிட்டேன், அக்கா. ஓடு பச்சைதான், ஆனால் பால் கலந்த மாதிரி மங்கல். பேட்டரி தெரியவில்லை. எண் இல்லை. அடியில் எழுத்தும் இல்லை. திருகு கூட்டல் குறி. போட்டுப் பார்த்தேன், உள் பேட்டரி தீர்ந்துவிட்டது என்று வந்தது, ஆனால் விளையாட்டு ஓடுகிறது.

மூன்றுமுனை:
திறந்து பாருங்கள், கூட்டல் குறிதானே, வீட்டு ஸ்க்ரூடிரைவர் போதும்.

தூசிதட்டி:
திறந்தேன். சின்னப் பச்சை போர்டு, ஓட்டில் பாதி அளவுகூட இல்லை. நடுவில் தார் சொட்டு விழுந்த மாதிரி கறுப்பாக ஒரு உருண்டை. வேறு பெரிதாக ஒன்றுமே இல்லை.

மூன்றுமுனை:
போலி. அசலில் எழுத்து பதித்த சதுரச் சிப்கள், பேட்டரி, கடிகாரத்துக்கான சின்ன உலோகக் குழாய் எல்லாம் இருக்கும். பேட்டரி தீர்ந்ததாக வரும் அந்த எச்சரிக்கையை வைத்து முடிவு செய்யாதீர்கள், அசல் எமரால்டிலும் பேட்டரி தீர்ந்தால் அதே வரிதான் வரும். அசலில் சேவ் (விளையாட்டை விட்ட இடத்தின் பதிவு) தனியாக ஃப்ளாஷ் சிப்பில் நிற்பதால் பேட்டரி போனாலும் அழியாது, கடிகாரம் மட்டும் நிற்கும். விற்பதானால் போலி என்று எழுதியே விற்கவும். நல்ல அசலுக்கு நூறு டாலருக்கு மேல் கொடுக்கிறார்கள் என்பதால்தான் இத்தனை போலி. விலையும் போலியும் ஒன்றாகவே வளரும்.

சில்வரின் கதை வேறு. அதில் சேவ் முழுக்கப் பேட்டரி தயவில்தான் நிற்கிறது, கடிகாரமும் அதே பேட்டரியைத் தின்னும். அந்தத் தலைமுறை கேட்ரிட்ஜ்களில் பெரும்பாலானவற்றில் பேட்டரி செத்திருக்கும். மாற்ற வேண்டுமானால் ஈயத்தால் பற்றவைக்க (சால்டர் செய்ய) வேண்டும், டேப் போட்டு ஒட்டுகிற வேலை வேண்டாம். உள்ளே சேவ் இருந்தால் கழற்றிய நொடியே போய்விடும், முதலில் அதைக் கணினிக்கு எடுக்கும் கருவி உள்ளவரைப் பிடியுங்கள்.

ஆறாம்பட்டன்:
பேட்டரியை மாற்றினால் அசல்தன்மை போகாதா? வாங்குபவர் எதிர்பார்ப்பது தொடாதது அல்லவா?

மூன்றுமுனை:
உங்கள் கண்ணாடிப் பேழை ஆட்களுக்குப் போகலாம். விளையாட வாங்குபவர் "புது பேட்டரி, சேவ் ஆகிறது" என்ற வரிக்குக் கூடுதலாகவே கொடுப்பார். இருபத்தைந்து ஆண்டு பழைய பேட்டரியை உள்ளேயே விட்டு, அது கசிந்து போர்டைத் தின்ற பிறகு எந்த அசல்தன்மையைக் காப்பாற்றப் போகிறீர்கள்? அப்புறம், கேட்ரிட்ஜில் வாயால் ஊதாதீர்கள். எல்லோரும் ஊதினோம், தெரியும். எச்சில் ஈரம் கால்களை அரிக்கும். ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலில் பஞ்சுக்குச்சியை நனைத்துத் துடையுங்கள். கறுப்பாக வரும், பயப்படாதீர்கள்.

இரவுப்பூனை:
விலை பார்க்கும் வழியையும் சொல்லிவிடுகிறேன். விற்பனைத் தளங்களில் ஒருவர் கேட்கும் விலை விலையே அல்ல. ஆயிரம் டாலர் என்று போட்டு மூன்று ஆண்டாக விற்காமல் கிடப்பவை ஏராளம். விற்று முடிந்தவை என்று வடிகட்டிப் பாருங்கள். அதிலும் கடைசி பத்துப் பன்னிரண்டைப் பார்த்து, மேலே ஒன்றையும் கீழே ஒன்றையும் விட்டுவிடுங்கள். படத்தை உற்றுப் பாருங்கள்: லேபிள் கிழிந்ததா, வாடகைக் கடை ஸ்டிக்கர் ஒட்டியதா, பின்பக்கம் மார்க்கரில் யாராவது பெயர் எழுதியிருக்கிறார்களா. உங்கள் பொருளைப் போன்றதன் விலையோடு மட்டும் ஒப்பிடுங்கள். ஸ்போர்ட்ஸ் கேம் ஐந்தையும் தனித்தனியாகப் போட்டு நேரத்தை வீணாக்காதீர்கள். ஆண்டுதோறும் புதுப் பதிப்பு வந்த கேம்களைப் பழைய ஆண்டில் போய் யார் தேடுவார்? மொத்தமாக ஒரே கட்டாகப் போடுங்கள்.

வாத்துவேட்டை:
பெட்டியைப் பற்றி யாரும் பேசவில்லை! சூப்பர் நிண்டெண்டோ, நெஸ் பெட்டிகள் எல்லாம் மெல்லிய அட்டை. பிறந்தநாளன்று பிரித்த கையோடு குப்பைக்குப் போனவை. போட்டி நிறுவனமான சேகாவின் மெகா டிரைவ் கன்சோல் கேம்கள் பெரும்பாலும் கெட்டியான பிளாஸ்டிக் உறையில் வந்தன, கேட்ரிட்ஜை வைக்க அதுவே இடம், அதனால் பிழைத்தன. இந்த ஒரு காரணத்தாலேயே சேகாவில் பெட்டி உள்ளதற்கும் இல்லாததற்கும் விலை இடைவெளி சிறியது, நிண்டெண்டோவில் பெரியது. எர்த்பவுண்டோ சாதாரணப் பெட்டிகூட இல்லை, வழிகாட்டிப் புத்தகத்தோடு சேர்த்து வைக்கும் பெரிய பெட்டி. காலிப் பெட்டியே பல நூறு டாலர். புத்தகம் மட்டும் தனியாக நூறைத் தாண்டும். உங்கள் பெரியப்பா மகனிடம் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்களேன்.

கணக்குப்பிள்ளை:
கேட்கட்டும். ஆனால் ஆசை காட்டாதீர்கள், அந்த ரகப் பெட்டி கொஞ்சம்தான் மிஞ்சியிருக்கும்.

தம்பி, எர்த்பவுண்டை இப்போதே விற்க வேண்டுமா என்று கேட்டால், என்னிடம் நேரான பதில் இல்லை. ஆசைப்படும் தலைமுறை நகர்ந்துகொண்டே இருக்கும். எண்பதுகளில் நெஸ் விளையாடியவர்கள் ஐம்பதை நெருங்குகிறார்கள், சிலர் சேர்த்ததை விற்கத் தொடங்கிவிட்டார்கள். இப்போது ஜிபிஏ (கேம் பாய் அட்வான்ஸ்), டிஎஸ் என்று பின்னால் வந்த கையடக்கங்கள் பக்கம்தான் கூட்டம். 2023 மார்ச் 27-இல், டிஎஸ்ஸுக்கு அடுத்து வந்த 3டிஎஸ்ஸின் இணையக் கடையை மூடினார்களே, அந்த அறிவிப்பு வந்த நாளிலிருந்து 3டிஎஸ் கேட்ரிட்ஜ்கள் சில ஏறுமுகம். பதிவிறக்கம் செய்ய வழி இல்லையென்றால் பிளாஸ்டிக்குக்கு மதிப்பு. போலியல்லாத, நன்றாக ஓடுகிற எர்த்பவுண்டுக்கு அவசரமில்லை என்பது என் கணிப்பு. கணிப்புதான், போன முறை மூன்று தடவை தவறினேன் என்று மேலேயே எழுதியிருக்கிறேன்.

தூசிதட்டி:
பெரியப்பா மகனிடம் பேசினேன். சிரித்தார். "அந்தப் பெரிய பெட்டியா? அதில்தான் நீ இத்தனை நாளாக ஆணி போட்டு வைத்திருக்கிறாயே" என்றார். உண்மைதான்! முதல் முறை வந்தபோது கொண்டுவந்து வைத்துவிட்டுப் போன அட்டைப் பெட்டி, மாடிப்படிக்குக் கீழே, ஆணி, திருகு, பழைய பூட்டு. மேலே தூசி தட்டினால் எர்த்பவுண்ட் என்று எழுதியிருக்கிறது. வழிகாட்டிப் புத்தகம் அடியில் இருந்தது, முகர்ந்து பார்க்கும் பக்கத்தை யாரோ எப்போதோ சுரண்டிவிட்டார்கள். ஒரு மூலை கிழிந்து தொங்கியது.

வாத்துவேட்டை:
தெய்வமே! ஆணியை மெதுவாக எடுங்கள், கொட்டாதீர்கள். கிழிந்த மூலையில் மட்டும் கையை வைக்காதீர்கள். முக்கியமாக செல்லோடேப் கூடாது, பசை அட்டைக்குள் இறங்கிவிடும்.

தூசிதட்டி:
அது வந்து... காலையிலேயே ஒட்டிவிட்டேன். இரண்டு பக்கமும்.

மூன்றுமுனை:
பிய்க்காதீர்கள். அப்படியே வைத்துவிட்டு படம் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.

கணக்குப்பிள்ளை:
பழைய டேப்பா, புது டேப்பா?